யாழ்ப்பாணத் தீவகம்: தொழில், பண்பாடு, பங்களிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த கடலில் அமைந்த தீவுக்கூட்டத்தைத் தீவகம் என்று வழங்குவது ஈழத்தவர் மரபு. ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, சரவணை, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி முதலிய ஊர்களைக் கொண்ட வேலணைத் தீவும், மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பனவும் இதில் அடங்கும். காரைநகர் என இன்று அறியப்படும் காரைதீவு, பொன்னாலைத் தாம்போதியால், அதாவது கடலுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் இட்டு உயர்த்திய பாதையால், குடாநாட்டோடு இணைக்கப்பட்டு நிருவாகத்தில் தனிவழி சென்றுவிட்டபோதும், வரலாற்றிலும் வணிகத்திலும் இக்கூட்டத்திலிருந்து பிரித்துப் பேசத்தக்கதன்று. எஞ்சியவை இன்று ஊர்காவற்றுறையை மையமாகக் கொண்ட தீவகம் வடக்கு, வேலணையை மையமாகக் கொண்ட தீவகம் தெற்கு, நெடுந்தீவு என்னும் மூன்று பிரதேச செயலாளர் பிரிவுகளாக நிருவகிக்கப்படுகின்றன.

நெல் விளையப் போதிய மண்ணோ, கோடை முழுவதும் தாங்கும் நன்னீரோ இல்லாத இச்சிறு நிலப்பரப்பு, பன்னாட்டுத் துறைமுகமாகவும், இருபெருஞ் சமயங்களின் யாத்திரைத் தலமாகவும், இலங்கையின் நகரங்களெங்கும் கடை விரித்த வணிகரின் தாய்மண்ணாகவும், தமிழாராய்ச்சியை உலகத் துறையாக்கிய அறிஞர் ஒருவரின் பிறப்பிடமாகவும் விளங்கியது எவ்வாறு என்பதும், அவ்வளவு விளைவும் தீவுகளுக்குள்ளேயே நிலைத்த தொழிலாக ஏன் மாறவில்லை என்பதும் ஒன்றோடொன்று பிணைந்த வினாக்கள். தீவகத்தின் செல்வம் எக்காலத்திலும் அதன் நிலத்திலிருந்து வந்ததைவிட அதன் வழியே கடந்து சென்றவற்றிலிருந்தும், அதைவிட்டுப் புறப்பட்டவர்களிடமிருந்துமே வந்தது என்பதை மனத்திற்கொண்டால் அவ்விரண்டிற்கும் விடை காண்பது எளிதாகும்.

தீவுகளின் அடித்தளம் குடாநாட்டைப் போன்றே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லாகும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை இக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கும். நிலவியலார் இதனை நன்னீர் வில்லை என்பர். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறி, கிணறு உவராகிவிடும். புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் நன்னீர்க் கிணறுகள் சில இடங்களில் மட்டுமே வாய்த்திருப்பதற்கும், வேலணைத் தீவின் சாட்டிப் பகுதி மணற்பரப்பிலிருந்து அயலிடங்களுக்குக் குடிநீர் கொண்டுசெல்லப்படுவதற்கும், அண்மைக் காலத்தில் நெடுந்தீவில் கடல்நீரை நன்னீராக்கும் பொறிகள் நிறுவப்பட்டதற்கும் காரணம் இதுவே. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரால் சூழப்பட்டு நிற்கும் கடற்கோட்டை, ஒல்லாந்தர் இட்ட பெயரால் ஹமன்ஹீல், 1658 மார்ச்சில் வான் கூன்ஸ் தலைமையிலான ஒல்லாந்தப் படையிடம் வீழ்ந்தது, உள்ளிருந்த போர்த்துக்கேயருக்கு நன்னீர் அற்றுப்போனதால் என்பது இங்கே நினைக்கத்தக்கது. இரண்டு கிழமை முற்றுகையைத் தாங்கிய மதிலால் தாகத்தைத் தாங்க இயலவில்லை.

நீர் இல்லாத இடத்திற்குத் துறை இருந்தது. ஊர்காவற்றுறைக் கால்வாய், காரைதீவும் வேலணைத் தீவும் இருபுறமும் அணைத்து நிற்க, வாடைக்காற்றிலும் சோளகத்திலும் பாய்க்கப்பல்கள் ஒதுங்கத்தக்க அமைதியான நீர்ப்பரப்பாகும். இத்துறையின் பழைமைக்கும் பெருமைக்கும் உறுதியான சான்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட இவ்வாணையைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து பதிப்பித்தார். சிதைந்த பகுதிகள் போக எஞ்சியவை ஒரு சுங்கச் சட்டத்தின் வடிவில் அமைந்துள்ளன. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூடவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும், அதாவது அரச கருவூலத்துக்கும், முக்காற்பங்கு உடையவனுக்கும் சேரும். பிற சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதிக்குப் பாதியாகப் பகிரப்படும்.

இக்கல்வெட்டில் ஊன்றிப் பார்க்கவேண்டியவை பல. உடைந்த கப்பலின் சரக்கு முழுவதும் கரையை ஆளும் அரசனுக்கே உரியது என்னும் வழக்கம் அக்காலத்தில் பல நாடுகளில் இருக்க, இங்கே உடையவனுக்குப் பங்கு உறுதிப்படுத்தப்பட்டது, வணிகரை இத்துறைக்கு ஈர்க்க வேண்டியிருந்ததால் எனலாம். யானையும் குதிரையும் ஏற்றிய கலத்துக்கு மட்டும் கூடுதல் சலுகை, போருக்கு அவை எவ்வளவு வேண்டியிருந்தன என்பதன் அளவுகோல். சிங்கள மன்னன் ஒருவன் தன் ஆணையைத் தமிழில் பொறித்தது, துறையில் வழங்கிய வணிக மொழி எது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. இன மோதலின் கண்ணாடி வழியாகவே இலங்கையின் பழைய வரலாற்றைப் படிக்கப் பழகிய இருதரப்பினருக்கும் இக்கல் சற்று இடைஞ்சலானது. ஆகவேதான் இருதரப்பிலும் அது அதிகம் மேற்கோள் காட்டப்படுவதில்லை போலும்.

போர்த்துக்கேயர் காலத்தில் இத்துறை யானை ஏற்றுமதியோடு இணைத்துப் பேசப்பட்டது. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்டுக் குடாநாட்டின் வழியாக நடத்திக் கொண்டுவரப்பட்ட யானைகள் இங்கிருந்து இந்தியக் கரைகளுக்குக் கப்பலேறின. யானைத் துறை என்ற பொருளில் அவர்கள் வழங்கிய பெயரின் முற்பாதியே ஆங்கிலத்தில் கய்ற்ஸ் ஆயிற்று. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரப் பெயர்களைச் சூட்டினர்: காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணைத் தீவு லைடன், புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ற். இவற்றுட் பல, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் முதலீட்டுக் கிளைகள் அமைந்திருந்த நகரங்கள். தீவுகளை அவர்கள் எக்கண்கொண்டு நோக்கினர் என்பதற்கு இதனைவிட விளக்கம் வேண்டியதில்லை. சாயவேர், அதாவது துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டப் பயன்பட்ட சிறுசெடியின் வேர், தீவுகளிலும் மன்னாரிலும் கிண்டியெடுக்கப்பட்டு அவர்களது வருவாயின் ஒரு பகுதியாயிற்று.

ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புடைய நெடுந்தீவு இக்காலத்தில் வேறொரு பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. போர்த்துக்கேயர் அதனைப் பசுத்தீவு என்று அழைத்தமைக்கு அங்கிருந்த மேய்ச்சல் நிலங்களும் கால்நடையும் காரணம். நெடுந்தீவு நெய்யும் பாலும் குடாநாட்டில் இன்றும் பேர்பெற்றவை. ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவை நிருவகித்த நோலன் என்னும் பிரித்தானிய அதிகாரி அதனைத் தொடர்ந்தார். குதிரை இலாயங்களின் தூண்கள், புறாக்கூடு, முருகைக் கல்லால் எழுப்பிய கோட்டையின் சுவர்கள், அராபிய வணிகரோடு வந்ததாகக் கருதப்படும் பருத்த பெருக்கமரம் ஆகியவை இன்றும் நிற்கின்றன. கைவிடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் தெற்கு வெளிகளில் காட்டுக்குதிரைகளாகத் திரிகின்றன. 2015இல் அப்பகுதியில் ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வளவுகளைச் சுற்றிச் சாந்து பூசாமல் முருகைக் கற்களை அடுக்கிக் கட்டும் வேலி, காற்றை வடிகட்டி விட்டு ஆட்டையும் மாட்டையும் தடுப்பது, நெடுந்தீவின் தனி அடையாளம். பனையோலை வேலிக்குப் பழகிய குடாநாட்டவர் கண்ணுக்கு அது இன்னொரு நாடு போலவே தோன்றும்.

19ஆம் நூற்றாண்டில் ஊர்காவற்றுறை பாய்க்கப்பல் வணிகத்தின் உச்சத்தைக் கண்டது. இந்தியக் கரையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசியும், தேக்கு முதலிய மரங்களும் வந்திறங்கின. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. நீராவிக் கப்பல்கள் ஆழமான துறைகளை நாடியதும், 1905இல் வடபகுதி இருப்புப்பாதை காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டதும், 1914இல் தலைமன்னார்–தனுஷ்கோடி வழி இந்தியப் போக்குவரத்தை ஈர்த்துக்கொண்டதும் இத்துறையை ஓரங்கட்டின. கொழும்பிலிருந்து வண்டியில் சரக்கு வரத் தொடங்கிய பின் கடல்வழி வரும் சரக்குக்குக் காத்திருப்பார் குறைந்தனர்.

அந்த இருப்புப்பாதை தீவக மக்களைத் தெற்கே கொண்டுசென்றது என்பதே இவ்வரலாற்றின் திருப்பம். துறையின் தேய்வும் தீவக வணிகரின் எழுச்சியும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை. புங்குடுதீவு, காரைநகர், வேலணை, நயினாதீவு ஆகிய ஊர்களைச் சேர்ந்தோர் கொழும்பு, கண்டி, காலி, குருநாகல் முதலாகச் சிங்களப் பகுதிகளின் சிறு நகரங்கள் வரை சென்று கடை வைத்தனர். சுருட்டுக்கடை என்னும் பெயரில் தொடங்கிய அக்கடைகளில் சுருட்டோடு பனங்கட்டியும் பனாட்டும் புழுக்கொடியலும் நல்லெண்ணெயும் விற்கப்பட்டன. பின்னர் பலசரக்குக் கடைகளும் சைவ உணவகங்களும் மொத்த வியாபாரமும் வளர்ந்தன. இவ்வணிகத்தின் அமைப்பு உறவுமுறையை அடிப்படையாகக் கொண்டது. பத்துப் பன்னிரண்டு வயதில் தாய்மாமனோடோ அயலவரோடோ புறப்படும் சிறுவன், கடையில் உண்டு உறங்கி, பெட்டியடிப் பொறுப்புவரை, அதாவது பணப்பெட்டியைக் காக்கும் நிலைவரை, உயர்ந்து, சம்பளத்தைக் கையில் வாங்காமல் முதலாளியிடமே சேரவிட்டு, பின்னர் அதையே முதலாக்கிப் பங்காளியாகவோ தனிக்கடைக்காரனாகவோ ஆவான். வங்கிக்கடன் கிட்டாதவர்களுக்கு நம்பிக்கையே பிணையாயிற்று. குடும்பம் ஊரிலேயே இருக்க, ஆண்டில் ஓரிரு முறை, பெரும்பாலும் கோயில் திருவிழாவுக்கு, வணிகர் ஊர் திரும்பினர்.

வெளியூரில் ஈட்டிச் சொந்த ஊரில் செலவிடும் இம்முறை செட்டிநாட்டு நகரத்தாரை நினைவூட்டும். ஆயினும் நகரத்தார் வட்டித்தொழிலில் பர்மா, மலாயா எனப் பெருமுதல் புழங்கியவர்கள். தீவகத்தார் சில்லறைக் கடைக்காரர். ஆகவே தீவகத்தில் செட்டிநாட்டு மாளிகைகள் எழவில்லை; எழுந்தவை கோயில்களும், தேர்களும், பள்ளிக்கூடங்களும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியும் ஆகும். அத்தாம்போதிக்காகப் பாடுபட்ட புங்குடுதீவுச் சகோதரர்களின் நினைவாக அது வாணர் பாலம் என்று வழங்குகிறது. ஈட்டிய பணம் ஊரில் தொழிற்சாலையாக மாறாமைக்குக் கோயில்மீது கொண்ட பற்று மட்டும் காரணமன்று. நீரும் மின்சாரமும் சரக்கேற்றும் வழியும் இல்லாத இடத்தில் முதலிடுவது இலாபம் தராது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக்கலவரங்களில் தெற்கிலிருந்த அக்கடைகள் எரிந்தபோது, மூன்று தலைமுறையின் முதலும் கணக்கேடுகளும் சேர்ந்து எரிந்தன. இலங்கையின் பொருளியல் வரலாற்றில் தீவகச் சில்லறை வணிகம் பெற்றிருக்கவேண்டிய அத்தியாயம் நினைவுமலர்களிலும் கல்வெட்டுகளிலும், அதாவது இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் உறவினர் வெளியிடும் நினைவு நூல்களிலும், சிதறிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பண்பாட்டுப் பன்மை பற்றிப் பேசுவோர் நயினாதீவிலிருந்தே தொடங்குவர். அதற்குப் போதிய காரணமும் உண்டு. புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கால்மணி நேரப் படகுப் பயணத்தில் அடையத்தக்க இச்சிறு தீவில், நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் நடைதூரத்தில் இரு தனித்தனி இறங்குதுறைகளோடு நிற்கின்றன. சிறு பள்ளிவாசல் ஒன்றும் உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்ட அம்மன் கோயில் 1788இல் மீண்டும் கட்டப்பட்டது. ஆனி மாதப் பெருந்திருவிழாவுக்குக் குடாநாடெங்குமிருந்தும் அடியார் திரள்வர். வருவோருக்கு உணவிடும் மடத்துக்கு அமுதசுரபி என்று பெயர்; மணிமேகலை அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்னும் நம்பிக்கையை அப்பெயர் அன்றாடச் சோற்றோடு கட்டிவைத்திருக்கிறது. பௌத்தருக்கோ, மணியாசனம் ஒன்றின்பொருட்டுப் போரிட்ட சூளோதரன், மகோதரன் என்னும் நாக அரசர் இருவரை அமைதிப்படுத்தப் புத்தர் வந்த இடமாக மகாவம்சம் கூறும் நாகதீபம் இதுவாகும்.

ஒரே கதையின் இரு வடிவங்களைத் தமிழ்க் காப்பியமும் பாளி நூலும் பகிர்ந்துகொள்வது ஆய்வாளருக்கு விருந்து. எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வல்லிபுரப் பொற்சாசனம் முதலிய பழைய ஆதாரங்களில் நாகதீபம் என்னும் பெயர் குடாநாடு முழுவதையும் குறிப்பதாகவே அறிஞர் பலர் கொள்வர். ஆகவே இச்சிறு தீவைக் குறித்த பிற்காலத் துணிபுகளை, இந்து மரபாயினும் பௌத்த மரபாயினும், வரலாற்று முடிபாகக் கொள்ளாமல் நம்பிக்கையின் வரலாறாகக் கொள்வதே முறை. போர் முடிந்த 2009க்குப் பின் தெற்கிலிருந்து பேருந்துகளில் வரும் பௌத்த யாத்திரிகர் தொகை பெருகியது. ஒரே படகில் வந்து இருவேறு துறைகளில் இறங்குவோரும், இரண்டிலும் வழிபட்டுத் திரும்புவோரும் உண்டு. அடிப்படையில் இப்பன்மை துறைமுகப் பன்மை. திட்டமிட்டு வளர்த்த நல்லிணக்கம் என்று அதனைப் போற்றுவது மிகை, அரசியல் புகுத்திய போட்டி என்று மட்டும் ஒதுக்குவதும் குறை.

நயினாதீவுக்குக் கிடைத்த கவனம் பிற தீவுகளின் வழிபாட்டு மரபுகளுக்குக் கிடைக்கவில்லை. சிலப்பதிகாரக் கண்ணகியைக் கண்ணகை அம்மனாக வழிபடும் மரபு புங்குடுதீவில் வேரூன்றியது. சைவ ஆகம மரபு ஓங்கியபோது அத்தெய்வம் இராஜராஜேஸ்வரி என்னும் பெயரையும் ஏற்றது. காரைநகர்ச் சிவன் கோயில் ஈழத்துச் சிதம்பரம் எனப் பெயர்பெற்று மார்கழித் திருவாதிரையைப் பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, மண்டைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றில் கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலம் முதல் நிலைத்து, ஒல்லாந்தரின் தடைகளையும் தாங்கி, நாட்டுக்கூத்து மரபொன்றையும் வளர்த்தது. நெடுந்தீவுப் பிரிவுக்குள் அடங்கும் 285 ஏக்கர்க் கச்சதீவில், இந்தியாவும் இலங்கையும் அத்தீவு குறித்துச் செய்த 1974ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன்பும் பின்பும், புனித அந்தோனியார் திருவிழா இருகரைத் தமிழ் மீனவரையும் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூட்டுகிறது. குடிக்க நீரில்லாத அத்தீவின் கோயிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர் தமிழகக் கரை மீனவரான சீனிக்குப்பன் படையாட்சி.

இப்பன்மையின் மறுபக்கம் சாதி. நன்னீர்க் கிணறு அரிதாக உள்ள இடத்தில் தீண்டாமை என்பது தாகத்தின்மேல் விதிக்கப்பட்ட தண்டனையாகும். 1971இல் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்டோர் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காக அறப்போராட்டம் நடத்தியவர் எழுத்தாளர் மு. தளையசிங்கம்; அதில் கைதாகித் தாக்கப்பட்ட அவர், 1973இல் முப்பத்தெட்டாவது வயதில் மறைந்தார். புதுயுகம் பிறக்கிறது என்னும் சிறுகதைத் தொகுதியும், ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி, போர்ப்பறை, மெய்யுள் ஆகியனவும் அவர் பெயரை நிலைநிறுத்தின. முற்போக்கு அணியினரின் பொருள்முதல்வாதத்தையும் பழமைவாதிகளின் வெற்றாசாரத்தையும் ஒருசேர மறுத்து, ஆன்மிகத்தையும் சமூக விடுதலையையும் ஒரே இயக்கமாகக் காண முயன்ற அவரது சிந்தனை, ஈழத்தைவிடத் தமிழகத்தில் பின்னாளில் கூடுதலாக வாசிக்கப்பட்டது.

தீவகத்தின் பங்களிப்பாளருள் முதலிடம் தனிநாயகம் அடிகளாருக்கே உரியது. 1913 ஓகஸ்ட் 2இல் கரம்பொனில் பிறந்த சேவியர், தந்தைவழி நெடுந்தீவு முன்னோரின் பெயரான தனிநாயகத்தைத் தம் பெயராக ஏற்றார். உரோமையில் இறையியல் கற்றுக் குருவான பின்னரே, தமிழகத்தின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றுகையில் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உயர்பட்டம் பெற்றார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த ஒருவர் நடுவயதை நெருங்கும்போது சங்க இலக்கியத்தைப் புதிதாகக் கண்டதே அவரது ஆய்வுப் பார்வையைத் தீர்மானித்தது: தமிழருக்குத் தமிழின் பெருமையைச் சொல்வதைவிட, பிறருக்கு அவர்களது மொழியில் சான்றோடு காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. 1952இல் தமிழ்ப் பண்பாடு குறித்த ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். லிஸ்பனில் 1554ஆம் ஆண்டு உரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலையும், ஹாவர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் 1578ஆம் ஆண்டின் தம்பிரான் வணக்கத்தையும் அறிஞருலகின் கவனத்துக்குக் கொண்டுவந்து, இந்திய மொழிகளுள் அச்சேறிய முதன்மொழி தமிழே என்பதை நிலைநாட்டினார். அந்தாவோ தெ புரொயென்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியதும் அவரது முயற்சியின் பயன்கள். தீவக மக்களைத் துறை எவ்வாறு வெளிநோக்கி வளர்த்தது என்பதற்கு இவ்வாழ்க்கையைவிடத் தெளிவான உருவம் கிடையாது.

வேலணையில் 1874இல் பிறந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி, 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையின் சபாநாயகராக இருந்தார். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் காற்றுவழிக் கிராமம், 1990–91 ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் ஆளற்றுப்போன ஊரைப் பாடுபொருளாகக் கொண்டது. ஈழத்துப் போர்க்காலக் கவிதைகளுள் இழப்பை முழக்கமின்றிப் பேசியவற்றுள் அது முன்னிற்பது. அல்லைப்பிட்டியிலிருந்து பாரிஸ் சென்ற ஷோபாசக்தி, கொரில்லா முதலிய புதினங்களால் புலம்பெயர் இலக்கியத்தின் போக்கை மாற்றியதோடு, 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற தீபன் திரைப்படத்தின் முதன்மை நடிகருமானார்.

போர் தீவகத்தில் செய்தது இடிப்பு மட்டுமன்று, வெறுமையாக்கல். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990–91க்குப் பின் பெரும்பாலான குடும்பங்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் தமிழகத்துக்கும் ஐரோப்பா, கனடாவுக்கும் சிதறின. 2006இல் அல்லைப்பிட்டியில் மீண்டும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். திரும்பியோர் சிலரே; புங்குடுதீவில் கூரையிழந்த கல்வீடுகள் ஆலும் அரசும் முளைத்து நிற்பதை இன்றும் காணலாம்.

நவீன தொழில்களை இப்பின்னணியிலேயே மதிப்பிடவேண்டும். முதலும் இன்றுவரை முதன்மையானதுமான தொழில் மீன்பிடி. ஆழங்குறைந்த கடலில் கழிகளை நட்டு வலை சூழ்ந்து மீனை ஒரு கூட்டுக்குள் செலுத்தும் களங்கட்டியும், சிறகுவலையும், நண்டு வலையும் இங்குள்ள முறைகள். இதனை நவீனப்படுத்த நடந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, நோர்வேக்குச் சென்ற முதல் தமிழராகக் கருதப்படும் குருநகர் அன்ரனி இராஜேந்திரம் 1967இல் உருவாக்கிய சீநோர் நிறுவனம். நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் அது அமைத்த மீன்பிடித் திட்டமும், கண்ணாடியிழைப் படகு கட்டும் துறையும் வடக்கின் கடற்றொழிலில் புதிய காலத்தைத் தொடக்கின. ஈழத் தமிழர் நோர்வேயில் குடியேறிய வழியும் இத்தொடர்பால் திறந்ததே.

இன்று அம்மீனவர் இருமுனை நெருக்கடியில் உள்ளனர். கடலடியைச் சுரண்டும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் தமிழகக் கரையின் இழுவைப் படகுகள் நெடுந்தீவுக் கடலுக்குள் வருவதும், பிடிபட்ட மீனவர் ஊர்காவற்றுறை நீதிமன்றில் நிறுத்தப்படுவதும் ஓயவில்லை. வலை அறுந்த தீவக மீனவரும், சிறையிலடைபட்ட இராமேசுவரக் கூலித் தொழிலாளரும் தமிழரே. இழுவைப் படகின் உரிமையாளர் பெரும்பாலும் இவ்விருவருள் ஒருவரல்லர். மற்றொன்று கடலட்டைப் பண்ணை. ஆழங்குறைந்த கடலில் வலையடைப்புக்குள் குஞ்சுகளை விட்டு வளர்த்து, அவித்து, குடல் நீக்கி, உலர்த்திச் சீனா முதலிய நாடுகளுக்கு அனுப்பும் இத்தொழில், இந்தியாவில் கடலட்டை பிடிப்பதே 2001 முதல் தடைப்பட்டிருக்க, இங்கே ஏற்றுமதி வருவாய் என ஊக்குவிக்கப்படுகிறது. சில குடும்பங்களுக்கு அது நல்ல வருமானம் தருவதை மறுக்கலாகாது. ஆனால் பொதுவாயிருந்த கடல் அடைப்புகளாகப் பிரிக்கப்படும்போது களங்கட்டிக்காரரின் பாடும், மீன் பெருகும் இடங்களும், படகு வழிகளும் குறுகுகின்றன என்னும் முறைப்பாடு உள்ளூர்ச் சங்கங்களிலிருந்து தொடர்ந்து எழுகிறது.

மின்னுற்பத்தியின் கதை இன்னும் தெளிவானது. எழுவைதீவில் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்த கலப்பு மின்னமைப்பு ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு முதலில் நிறுவப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான ஒப்பந்தம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றின் கூட்டுக்கு வழங்கப்பட்டது. தன் கரைக்கு இவ்வளவு அருகே சீனா வருவதை இந்தியா எதிர்க்க, அவ்வாண்டின் இறுதியில் அத்திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கான உடன்பாடும், 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமும் கைச்சாத்தாயின. 530 கிலோவாற் காற்றாலை, 1,700 கிலோவாற் சூரிய மின்கட்டமைப்பு, 2,400 கிலோவாற் மணி மின்கலச் சேமிப்பு என்பன அதன் அளவுகள். மூன்று தீவுகளின் விளக்குகளுக்காகப் பீஜிங்கும் டில்லியும், ஆசிய அபிவிருத்தி வங்கியின் இருப்பிடமான மணிலாவும், கொழும்பும் பேசின. அத்தீவுகளின் பிரதேச சபைகள் எதுவும் அம்மேசையில் இருக்கவில்லை.

டென்மார்க்கின் சாம்சோ தீவு இதற்கு மாறான எடுத்துக்காட்டு. 1997இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாகத் தெரிவான அது, பத்தாண்டுக்குள் தன் மின்தேவையைக் காற்றாலைகளால் நிறைவுசெய்தது. அக்காற்றாலைகளில் தீவின் குடிகளும் நகரசபையும் பங்குதாரர். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த மக்கள், அக்காற்றால் எழும் மின்சாரத்தில் ஒரு பங்குதானும் உடையவராயிருக்கும் ஏற்பாடு இங்கே எண்ணப்படவேயில்லை. 2025 செப்டம்பரில் மண்டைதீவில் அடிக்கல் நாட்டப்பட்ட பன்னாட்டுத் துடுப்பாட்ட அரங்கும், நெடுந்தீவுச் சுற்றுலாவும் இதே வகையில், வெளியே தீர்மானிக்கப்பட்டு உள்ளே வந்திறங்குபவை. சுருட்டுக்கடைக் காலத்தின் வணிகம் சிறிதாயினும் முதலும் முடிவும் தீவகத்தாருடையவை. இன்றைய தொழில்கள் பெரிதாயினும் அவ்விரண்டும் அவர்களிடம் இல்லை.

முதல் இல்லாமலும் இல்லை. பாரிஸ், ரொறன்ரோ, சூரிச், இலண்டன் முதலிய நகரங்களில் ஊர்ச் சங்கங்களாகத் திரண்டுள்ள தீவகத்தார், கோபுரத் திருப்பணிக்கும் தேருக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் தொகை சிறிதன்று. அதில் ஒரு பங்கையேனும் தூர்ந்த குளங்களையும் துரவுகளையும் திருத்தவும், பள்ளிகளிலும் வீடுகளிலும் மழைநீர்த் தொட்டி கட்டவும், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போதிய படகு ஓட்டவும், மின்திட்டத்திலும் கடலட்டைப் பண்ணையிலும் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பங்கு வாங்கவும் இச்சங்கங்கள் ஒதுக்கவேண்டும். அதற்கான கோரிக்கையைத் தீவகத்தின் பிரதேச சபைகளே முறைப்படி எழுதி அவற்றுக்கு அனுப்பவேண்டும்.